புறப்படத் தெரியாத விருந்தாளி

எங்கள் ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்று தலைநகரத்தில் ஓர் அறிக்கை எழுதினார்கள். நாற்பத்திரண்டு பக்கம். முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் காது சுட்டது.

என் பெயர் செவெல்மா. மங்கோலியாவின் கிழக்குப் புல்வெளியில் நூற்றுப்பத்து மேய்ச்சல் குடும்பங்களுக்கு முப்பது வருடமாக மருத்துவ உதவியாளர். டாக்டர் இல்லை, டாக்டர் வருவதற்குள் ஆளைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்கிறவள். ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் நடுவே சில சமயம் இருபது கிலோமீட்டர் இருக்கும். குளிர்காலத்தில் மைனஸ் நாற்பது. மோட்டார் சைக்கிளில்தான் போவேன். பார்த்த பிரசவங்களை இருநூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

ஏழு வருடத்துக்கு முன்னால் கேட்பான் வந்தது. ரொட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. ஒவ்வொரு கூடாரத்திலும் அடுப்புக்கு எதிரே மாட்டினார்கள். காலையில் அது ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். ‘உடம்பு சரியில்லை’ என்று யாராவது சொன்னால், அவர் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் தொடாமலே பார்த்து, தேவைப்பட்டால் மாகாண ஆஸ்பத்திரியிலிருந்து பறக்கும் ஆம்புலன்ஸை வரவழைக்கும். வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு நலம் விசாரிக்கிறதே என்று எங்கள் ஆட்கள் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார்கள்.

அது வந்ததற்குக் காரணம் இருந்தது. பனிப்பஞ்சம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த காலம் போய், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்திருந்தது. ஆடுகள் நின்ற இடத்திலேயே உறைந்து செத்தன. எல்லாம் போனவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தலைநகரத்தின் ஓரத்துக்குப் போய், நிலக்கரிப் புகையில் குடியேறினார்கள். ஆள் குறைந்ததால் இங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியை மூடினார்கள். மிஞ்சியவர்களுக்கும் உடம்பு மாறிப்போயிற்று. மந்தையை இப்போது ட்ரோன் மேய்க்கிறது. நாங்கள் உட்கார்ந்து மிட்டாய் தின்கிறோம். இரத்தக் கொதிப்பு இல்லாத வீடு இல்லை.

கேட்பான் வந்தபின் எனக்கு வேலை போகவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. ‘கருவிப் பராமரிப்பாளர்’ என்று பதவியை மாற்றினார்கள். அதாவது, பேட்டரி மாற்றுகிறவள்.

அறிக்கையின் பின்பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன. ‘நல்லா இருக்கேன்’ என்று கேட்பானிடம் சொல்லிவிட்டு ஓரிரு நாளில் இறந்தவர்கள். நான்காவது பெயர் யாதம். வயது ஐம்பத்தெட்டு, மாரடைப்பு. சாவதற்கு முந்தைய மூன்று காலையும் ‘நல்லா இருக்கேன்’ என்றிருக்கிறார்.

அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், பேட்டரி மாற்ற. அவர் மனைவி ஹோர்லோ தேநீருக்குக் கிண்ணத்தை எடுத்தாள். பேட்டரிக்காரிக்கு எதற்குத் தேநீர் என்று எனக்கு ஒரு வீம்பு. ‘வேலை இருக்கு’ என்று சொல்லி, தொப்பியைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே மாற்றிவிட்டு வந்துவிட்டேன். யாதம் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

*

அறிக்கைக்குப் பின்னாலேயே அதை எழுதியவளும் வந்தாள். மிச்சிட் என்று பெயர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கேட்பானுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த குழுவில் ஒருத்தி. பத்து நாளில் எங்கள் வட்டாரக் கூட்டம் நடக்க இருந்தது. அதில் கேட்பானைப் பற்றி ஓட்டெடுப்பு. அதற்காகத்தான் வந்திருந்தாள்.

“சட்டத்தை மாத்தணும்க்கா,” என்றாள். “இப்ப என்ன நடக்குது? உடம்பு சரியில்லன்னு வாயால சொன்னாத்தான் பெட்டி உடம்பைப் பார்க்கலாம். நீங்க சொல்ல மாட்டேங்கறீங்க. இனிமே அது கேட்கவே வேண்டாம். எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்கட்டும். தூங்கும்போதும், சாப்பிடும்போதும்.”

“அந்தச் சட்டம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். படிச்சிருக்கேன்.”

“படிச்சிருக்க. நான் நின்னிருக்கேன். நாற்பது பேர் குதிரையில கிளம்பிப் போய் தலைநகரத்துல பதினேழு நாள் நின்னோம். என் உடம்பை என்னைக் கேட்காம எவனும் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு. முன்னாடி நின்னவர் யாதம். உன் பட்டியல்ல நாலாவது பேரு.”

“அவர் வாங்கித் தந்த சட்டமே அவரைக் கொன்னுடுச்சு,” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாயிற்று.

“எங்க ஆளுங்க பொய் சொல்றதில்ல.”

“பதினோரு பேர் சொல்லியிருக்காங்களே.”

“நாளைக்கு என்கூட வா,” என்றேன். “ஒரு வீட்டுக்குப் போறோம். பெட்டியைப் பத்திப் பேசாதே. குறிப்பு எழுதாதே. கொடுத்ததைக் குடி.”

*

மறுநாள் தாரிமாவின் வீட்டுக்குப் போனோம். தாரிமாவுக்கு இருபத்தாறு வயது, எட்டு மாதக் கர்ப்பம், முதல் பிள்ளை. கணவன் மந்தைக்குப் புல் தேடி வடக்கே போயிருந்தான். இருபது அடி தள்ளியே வண்டியை நிறுத்தி, நாயைப் பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தேன். வாசற்கட்டையை மிதிக்காமல் உள்ளே போனோம். தொப்பியைக் கழற்றினேன்.

“மந்தை கொழுத்திருக்கா?”

“கொழுத்திருக்குக்கா.”

அந்த வசந்தத்தில் அவள் மந்தையில் பாதி செத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

“குளிர்காலம் நிம்மதியாப் போச்சா?”

“நிம்மதியாப் போச்சு.”

“உடம்பு எப்படி?”

“நல்லா இருக்கேன்.”

மிச்சிட் என்னைப் பார்த்த பார்வையில் அறிக்கையின் நாற்பத்திரண்டு பக்கமும் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. உப்புத் தேநீர் வந்தது. வலது கையால் வாங்கினோம். ஒரு கிண்ணம், இரண்டாவது கிண்ணம். காய்ந்த தயிர்க்கட்டி வந்தது. யார் யார் நகரத்துக்குப் போனார்கள், யார் திரும்பினார்கள், புல் எங்கே முளைத்திருக்கிறது என்று ஐம்பது நிமிடம் பேசினோம். மிச்சிட் கால் மரத்துப்போய் நெளிந்தாள். தாரிமாவின் விரல் வீங்கி மோதிரம் இறுகிப் பதிந்திருந்ததை நான் முதல் கிண்ணத்திலேயே பார்த்துவிட்டேன். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். ஒருமுறை இல்லை என்றால் பிறகு அதையே பிடித்துக்கொள்வாள்.

எழுந்து தொப்பியைப் போட்டேன். “சரி, நாங்க கிளம்பறோம்,” என்று கதவுப் பக்கம் திரும்பினேன்.

“அக்கா, ஒண்ணுமில்ல,” என்றாள் தாரிமா. “ரெண்டு நாளா கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. தலையும் வலிக்குது. உங்களுக்கு நேரமாச்சு, கிளம்புங்க.”

தொப்பியோடேயே உட்கார்ந்து, இன்னும் விடாமல் தூக்கித் திரிகிற பழைய மருந்துப் பையைத் திறந்து ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. கர்ப்பிணிக்கு இது வந்தால் அடுத்து வலிப்பு. அதற்குப் பிறகு தாயா பிள்ளையா என்ற பேச்சு வந்துவிடும். மக்னீசியம் ஊசியைப் போட்டேன். ஆம்புலன்ஸ் வேண்டும். ஆனால் பேட்டரி மாற்றுகிறவள் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வராது. கேட்பான்தான் கூப்பிட வேண்டும்.

மிச்சிட் பெட்டியைத் தட்டி எழுப்பினாள். அது இனிமையான குரலில் கேட்டது: “தாரிமா, எப்படி இருக்கிறீர்கள்?”

“நல்லா இருக்கேன்,” என்றாள் தாரிமா.

மிச்சிட் தலையில் கை வைத்துக்கொண்டாள். “சொல்லுங்க, இப்ப அக்காகிட்ட சொன்னீங்களே, அதையே சொல்லுங்க.”

“வீட்டுக்குள்ள அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். வயித்துல புள்ளை இருக்கு. சொன்னா அது இங்கேயே உட்கார்ந்துக்கும்.”

“உங்க உயிர்மா.”

“தெரியுது. ஆனா வாயில வரமாட்டேங்குது.” அவள் அழுதாள். பிடிவாதத்தில் அழவில்லை, பயத்தில் அழுதாள்.

மிச்சிட் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, வாசற்கட்டையைத் தாண்டி வெளியே போனாள். “சரிங்க, நாங்க கிளம்பறோம்,” என்று நடக்க ஆரம்பித்தாள்.

தாரிமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போகிற முதுகைப் பார்த்து, “எனக்கு உடம்பு சரியில்ல,” என்றாள். ஒரே மூச்சில் வந்துவிட்டது.

நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் இறங்கியது. அன்று மாலையே அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. தாயும் பிழைத்தாள்.

*

திரும்பும் வழியில் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் மிச்சிட். இறங்கி, புல்லில் உட்கார்ந்தாள்.

“ஏழு வருஷமா அதுக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்தோம். கிளம்பச் சொல்லிக் கொடுக்கல,” என்றாள். “அது எப்பவும் அங்கேயே இருக்கு. அதுகிட்ட எப்பச் சொல்றது?”

“வந்தவன் முகத்துல கஷ்டத்தைக் கொட்டறது எங்களுக்கு மரியாதையில்ல. குளிர்ல வந்திருக்கான், முதல்ல சூடா ஏதாவது குடிக்கட்டும். எல்லாம் நல்லா இருக்குன்னு கேட்டுக்கிட்டு நிம்மதியாக் குடிக்கட்டும். போகும்போது சொன்னா, அந்தக் கஷ்டம் அவன்கூடவே வெளியே போயிடும். இதுல பொய் எங்க இருக்கு?”

“இல்லதான்க்கா,” என்றாள். “அறிக்கையைத் திருத்தி எழுதறேன்.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு ஓர் ஆட்டையே அறுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அதே மூச்சில் அவள் மறுபடி நகரத்துக்காரி ஆகிவிட்டாள். திட்டம் போட ஆரம்பித்தாள். பெட்டி முதலில் மந்தையை விசாரிக்கும், பிறகு குளிர்காலத்தை, தேநீர் குடிக்கும் நேரம் சும்மா இருக்கும், கடைசியில் ‘நான் கிளம்புகிறேன்’ என்று விளக்கை அணைத்துக்கொள்ளும். “ஆனா காதை மட்டும் திறந்தே வச்சிருக்கும். யாருக்காவது மூச்சு முட்டினா உடனே தெரிஞ்சிடும்.”

“கிளம்பறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு ஒட்டுக் கேட்கறவனுக்கு எங்க ஊர்ல வேற பேரு,” என்றேன்.

“அக்கா, நிஜமா அணைச்சிட்டா மறுநாள் காலை வரைக்கும் அவங்க கூப்பிட்டாத்தான் அது வரும். நடுவுல ஒருத்தர் மயங்கி விழுந்தா?”

“விழலாம்.”

“அந்த உயிருக்கு யார் பதில் சொல்றது?”

பதில் தெரிந்த மாதிரி வண்டியைக் கிளப்பினேன். எங்கள் மரியாதையைப் பற்றி நான் எவ்வளவு நீட்டி முழக்கினேனோ, அவ்வளவும் வழியெல்லாம் என்னையே கேள்வி கேட்டது. உட்காரவே உட்காராதவள் எப்படிப் புறப்பட முடியும்? யாதமுக்கு நான் ஒரு புறப்பாட்டைக்கூடக் கொடுக்கவில்லை.

*

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. தொண்ணூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இரண்டு யோசனைகள் வைத்தார்கள். ஒன்று, பெட்டி எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இரண்டு, பெட்டி முறையாக விசாரித்து, முறையாக விடைபெற்று, நிஜமாகவே போகட்டும். மிச்சிட் இரண்டையும் நேர்மையாகவே விளக்கினாள். ஒட்டுக் கேட்கும் யோசனையை அவளே விட்டுவிட்டாள். ஆனால் இரண்டாவது வழியில் சில உயிர்கள் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

எல்லோரும் ஹோர்லோவைப் பார்த்தார்கள். பட்டியலில் இருந்த பதினொரு பேரில் எங்கள் வட்டாரத்துக்காரர் யாதம் ஒருவர்தான். அவள் என்ன சொல்கிறாளோ அதை மீறி யாரும் கை தூக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்தாள். கட்டைக் குரல் அவளுக்கு.

“பெட்டிகிட்ட மூணு தடவை நல்லா இருக்கேன்னாருன்னு எழுதியிருக்கீங்க. என்கிட்ட எத்தனை தடவை சொன்னாருன்னு யாரும் கேட்கல. நான் அடுப்புப் பக்கத்துலயே இருந்தேன். இடது கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்களேன்னு கேட்டேன். குளிருதுன்னாரு. முப்பத்தோரு வருஷமா நான் அவரை விட்டு எங்கேயும் போனதில்ல. போற ஆளுகிட்டதானே சொல்லுவோம். நான் போற ஆளா இருந்ததே இல்ல.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“எந்நேரமும் பெட்டி பார்த்துக்கிட்டே இருந்திருந்தா அவரு இப்ப இருந்திருப்பாரு. அது எனக்குத் தெரியும். ராத்திரி எல்லாம் அதை யோசிச்சுத்தான் கிடந்தேன். ஆனா அந்த மனுஷன் தன்னைக் கேட்காம யாரும் பார்க்கக் கூடாதுன்னு பதினேழு நாள் பனியில நின்னவரு. அவரைக் காப்பாத்தறேன்னு அதை எடுத்துட்டா, காப்பாத்தினது வேற யாரையோ. பெட்டி போகட்டும். போறதுன்னா நிஜமாப் போகணும். போற நேரத்துல நாம வாயைத் திறக்கணும். அது நம்ம வேலை.”

உட்கார்ந்துவிட்டாள். ஏழு பேர் தவிர எல்லோரும் இரண்டாவது யோசனைக்குக் கை தூக்கினோம். அந்த ஏழு பேர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என் ஜனங்களை நினைத்து அன்று எனக்கு நெஞ்சு விம்மியது. உயிருக்குப் பயந்து எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடும் கூட்டமில்லை இது என்று மிச்சிட்டின் காதில் விழும்படியே சொன்னேன். அவளும் கை தூக்கியிருந்தாள். அவளுக்கு ஓட்டே கிடையாது.

கூட்டம் முடியும் முன் தலைவர் இன்னொன்றும் அறிவித்தார். மாதம் ஒருமுறை மனிதர் ஒருவரும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து எழுந்து வர வேண்டும், அது செவெல்மா. பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

*

பெட்டிகளில் புதிய பேச்சை ஏற்றுவதற்கு வீடு வீடாகப் போனேன். ஹோர்லோவின் வீட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். வேறு வீடே மிச்சமில்லாத நாளில் அங்கே போனேன்.

தொப்பியைக் கழற்றினேன். மந்தை கொழுத்திருக்கிறதா என்று கேட்டேன். கொழுத்திருக்கிறது என்றாள். பெட்டியில் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். யாதம் உட்கார்ந்திருந்த கட்டில் எதிரே இருந்தது. அதன் மேல் அவருடைய அங்கியை மடித்து வைத்திருந்தாள். மூன்று கிண்ணம் குடித்தேன். தாரிமாவின் குழந்தையைப் பற்றிப் பேசினோம். மூன்று கிலோ ஆகிவிட்டதாம்.

உடம்பு எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்றாள். ரத்த அழுத்தம் பார்க்கட்டுமா என்றேன், கையை நீட்டினாள். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. கிளம்ப வேண்டும் என்று நினைத்தேன், எழுந்திருக்க முடியவில்லை. நாலாவது கிண்ணத்தை ஊற்றினாள். அதையும் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்தாள். சுவரிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் அதன் காதுமூடியை இழுத்துக் கட்டினாள்.

“சரி, நான் கிளம்பறேன்,” என்று கதவைத் திறந்தாள்.

அவள் ஒரு காலை வெளியே வைத்திருந்தாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“ஹோர்லோ,” என்றேன். “ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் உட்கார்ந்திருக்கணும். ரெண்டு நாள் முன்னாடி. நீ கிண்ணத்தை எடுத்த. நான் வீம்புக்கு நின்னுட்டே போயிட்டேன். உட்கார்ந்துட்டுக் கிளம்பியிருந்தா அவர் என்கிட்ட சொல்லியிருப்பாரு.”

அவள் திரும்பவில்லை. வெளியே கட்டியிருந்த குதிரைக்குட்டி கனைத்தது.

“தெரியும்,” என்றாள். “குட்டியை அவுத்து விட்டுட்டு வந்துடறேன். நீ போயிடாத.”